டப்பால எடம் இருக்குது, கரண்ட்டு இருக்குதுங்களா?

போன மாசம் கேரவன் வண்டி வயரிங் பத்தி போற போக்குல நாலு வரி எழுதினேன், அதுக்கு இந்த மாசம் தபாலும் வாட்ஸ்அப்புமா வந்து குமிஞ்சு போச்சுங்க. பாதிப் பேரு கேட்டிருக்கறது ஒண்ணேதான், "டி.பி. பாக்ஸ்ல எடம் காலியா கெடக்குது, இன்னொரு லைன் இழுத்துக்கலாமா"ன்னு. டி.பி. பாக்ஸ்னா வண்டிக்குள்ள வர்ற கரண்ட்டை லைன் லைனாப் பிரிச்சு விடற டப்பா, அதுல லைனுக்கு ஒண்ணா எம்.சி.பி. இருக்கும், கரண்ட்டு எச்சாப் போனா தானா விழற சுவிச்சு. அதனால இந்தத் தடவை ஊட்டு வயரிங், கெணத்து மோட்டார் கேள்வியெல்லாம் ஓரமா வெச்சுட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கறேன். மிக்ஸி ரிப்பேர் கேட்ட தாராபுரத்து அம்மிணி கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் மொத ஆளு நீங்கதான்.

கேள்வி: டிராவலர் வண்டியை கரூர்ல பாடி கட்டற பட்டறைல குடுத்து கேரவனா மாத்தி ஒரு வருசம் ஆச்சுங்க. 8 வே டி.பி. பாக்ஸ் (எட்டு எம்.சி.பி. மாட்டற எடம்) வெச்சுக் குடுத்தாங்க, அதுல 4 எம்.சி.பி.தான் ஓடுது, மிச்சத்துல டம்மி மூடிதான். இப்ப 1 டன் ஏ.சி., பிரிட்ஜ், மிக்ஸி பாயிண்ட், லைட்டு ஃபேன் இருக்குது. புதுசா ஒரு இண்டக்சன் அடுப்பும் 10 லிட்டர் கீசரும் வெக்கோணும்ங்கறா ஊட்டுக்காரி. ரெண்டும் 2000 வாட்ஸ். காலி எடத்துல ரெண்டு எம்.சி.பி. மாட்டுனா வேலை முடிஞ்சுதுங்களா? (வாசகர், பெருந்துறை)

பதில்: மாட்டறது அரை நாள் வேலைங்க. ஆனா டப்பாக்குள்ள எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி வண்டிக்கு வெளிய வாங்க, பக்கவாட்டுல ஒரு பிளக்கு தொங்கும் பாருங்க, ஒறம்பரை ஊட்டுக்குப் போனா அவிங்க சுவத்துல மாட்டறது, அந்த பிளக்கு என்ன சைசுன்னு பாருங்க. 16 ஆம்ப்ஸ் பிளக்காத்தான் இருக்கும். 230 வோல்ட்டுல 16 ஆம்ப்ஸ்னா 3680 வாட்ஸ். உங்க வண்டிக்குள்ள ஒரு நேரத்துல வர்ற மொத்தக் கரண்ட்டே அம்புட்டுதான், உள்ள 8 எம்.சி.பி. இருந்தாலும் 18 இருந்தாலும் வாய்க்கால்ல வர்ற தண்ணி அதே தண்ணிதான், மடை எத்தனை வெட்டுனா என்ன.

இப்பக் கணக்குப் போடுங்க. ஏ.சி. ஒரு 1200, அடுப்பு 2000, கீசர் 2000, மிக்ஸி 750, பிரிட்ஜும் லைட்டும் சேர்த்து 300ன்னு வெச்சா 6250 வாட்ஸ், ஆம்ப்ஸ்ல 27க்கு மேல. காத்தால ஒருத்தரு குளிக்க, இன்னொருத்தரு காப்பி வெக்க, ஏ.சி.யும் ஓடிட்டு இருந்தா ஒறம்பரை ஊட்டு ஃபியூஸ் போயிரும். ஃபியூஸ் போனாக்கூடப் பரவாயில்லீங்க, அது போகாம அவிங்க சுவத்து சாக்கெட் உருகறதுதான் பெரிய கெரகம், ஏன்னா 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி.ன்னா 17 ஆனதும் பட்டுனு விழுந்துரும்னு நெறையப் பேரு நெனச்சுட்டு இருக்கறாங்க, அப்படி இல்ல, 18 ஆம்ப்ஸ் வரைக்கும் ஒரு மணி நேரமானாலும் விழாம நிக்கலாம், 23 ஆம்ப்ஸ் போனாத்தான் ஒரு மணி நேரத்துக்குள்ள கட்டாயம் விழுகோணும், கம்பெனிக்காரங்க செய்யற அளவே அதுதான். அந்த எடைப்பட்ட நேரத்துல பழைய சாக்கெட்டு கருகிரும்.

அதனால நானா இருந்தா ரெண்டு எம்.சி.பி. போட மாட்டேன், ஒண்ணுதான் போடுவேன். ஒரே 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி., அதுல இருந்து ஒரு டபுள் போல் (பேஸ், நியூட்ரல் ரெண்டையும் ஒட்டுக்கா மாத்தற) சேஞ்ச்ஓவர் சுவிச்சு, இந்தப் பக்கம் திருப்புனா அடுப்பு, அந்தப் பக்கம் திருப்புனா கீசர், ரெண்டும் ஒட்டுக்கா ஓடவே ஓடாது. 10 லிட்டர் தண்ணி 25 டிகிரில இருந்து 55 டிகிரிக்கு வரதுக்கு 2000 வாட்ஸ்ல பத்து பதினோரு நிமிசம் ஆகும், அந்தப் பத்து நிமிசம் அடுப்பு காத்திருந்தா ஒண்ணும் குடி முழுகிப் போகாது. அப்பவும் ஏ.சி., பிரிட்ஜ், லைட்டோட சேர்த்தா 3500 வாட்ஸ், 15 ஆம்ப்ஸ் தாண்டிரும், கழுத்துப் பிடிதான், குளிச்சு முடிக்கற வரைக்கும் ஏ.சி.யை நிறுத்திருங்க. எல்லாமே ஒட்டுக்கா ஓடியே ஆகோணும்னா 32 ஆம்ப்ஸ் நீலக் கலர் இண்டஸ்ட்ரியல் பிளக்கு, 6 ஸ்கொயர் எம்எம் லீடு வயருன்னு வாசல்ல இருந்து மாத்தோணும், ஆனா நீங்க போற ஊட்ல அந்த சாக்கெட்டு இருக்கோணுமே.

எம்.சி.பி. சைசு எதைப் பாத்து எடுக்கறதுன்னு கேட்டீங்கன்னா, வயரைப் பாத்து. அடுப்பைப் பாத்து இல்ல. 1.5 எம்எம் வயருக்கு 10 ஆம்ப்ஸ், 2.5 எம்எம் வயருக்கு 16, 4 எம்எம்முக்கு 20. எம்.சி.பி. காப்பாத்தறது வயரைத்தானுங்க, அதுதான் பேனலுக்குப் பின்னாடி பிளைவுட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவுல யாரு கண்ணுலயும் படாம ஓடுது.

வேலை செய்யறப்ப பிளக்கைப் புடுங்கிட்டா கரண்ட்டு இல்லைன்னு நெனைக்காதீங்க. உள்ள இன்வெர்ட்டர் இருந்தா அது டி.பி. பாக்ஸுக்கு பின் வாசல்ல 230 வோல்ட்டு குடுத்துட்டே இருக்கும். பிளக்கு, இன்வெர்ட்டர் ரெண்டையும் நிறுத்தி, டெஸ்டரை மொதல்ல கரண்ட்டு இருக்கற எடத்துல வெச்சு எரியுதான்னு பாத்துட்டு, அப்பறமா டப்பாக்குள்ள வைங்க, செத்த டெஸ்டரை நம்பி கை வெச்சவங்க நெறைய. வயரு கட்டாயம் மல்டி ஸ்ட்ராண்டு, ஊட்டுக்குப் போடற ஒத்தைக் கம்பி வண்டில ஆடி ஆடி உள்ளுக்குள்ளயே முறிஞ்சுரும், வெளிய பாத்தா இன்சுலேசன் நல்லாத்தான் இருக்கும். முனைல 10, 12 மில்லி உரிச்சு பின் லக்கு (வயரு முனைல மாட்டற குட்டி உலோகக் குழாய்) போட்டு அமுக்கி க்ரிம்ப் பண்ணி, ஒரு இழு இழுத்துப் பாத்துட்டுத்தான் ஸ்க்ரூவுக்குள்ள விடோணும். தகரத்துல ஓட்டை போட்டு வயரு நுழையற எடத்துலயெல்லாம் ரப்பர் கிராமெட், அதாவது ஓட்டை விளிம்பு வயரை அறுக்காம இருக்க மாட்டற வளையம். லைசென்ஸ் இருக்கற வயர்மேனைக் கூப்புட்டாலும் இந்த மூணையும் பக்கத்துல நின்னு பாருங்க, ஊட்டு வேலை நல்லாச் செய்யற ஆளு வண்டி வேலைல இந்த மூணுலதான் கோட்டை விடுவாரு.

இன்னொண்ணு, ஆர்.சி.சி.பி.ன்னா கரண்ட்டு கசிஞ்சா தானா கட்டாகற சுவிச்சு, புது லைனோட நியூட்ரல் எந்த ஆர்.சி.சி.பி.க்குக் கீழ பேஸ் எடுக்கறீங்களோ அதே ஆர்.சி.சி.பி.யோட நியூட்ரல் லிங்க்குக்குத்தான் (நியூட்ரல் வயரெல்லாம் சேர்ற பட்டை) போகோணும். பக்கத்துல எடமிருக்குதேன்னு இன்வெர்ட்டர் லைன் நியூட்ரல்ல சொருகுனா சுவிச்சைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழும், அடுப்பு கெட்டுப் போச்சுன்னு கடைக்காரன்கூட சண்டைக்குப் போவீங்க. அடுப்பை இன்வெர்ட்டர்லயே ஓட்டலாமான்னு யாரும் கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிப் போடறேன், 2000 வாட்ஸ் அடுப்புக்கு 12 வோல்ட்டு பேட்டரில இருந்து 170, 180 ஆம்ப்ஸ் இழுக்கும், வேண்டாமுங்க.

கேள்வி: ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேருக்கு, மாட்டுச் சந்தைக்குன்னு குடும்பத்தோட போயி வண்டிலயே தங்கினோம். பக்கத்துல லைட் செட்டு ஜெனரேட்டர்காரரு ஒரு வயரு குடுத்தாரு, மாட்டுனோம். மழை தூறுச்சு. கதவுக் கைப்புடியைத் தொட்ட பையனுக்கு சுருக்குனு அடிச்சுது, செருப்பு போட்டிருந்ததால தப்பிச்சான். டி.பி. பாக்ஸ்ல எர்த் வயரெல்லாம் ஒழுங்கா இருக்குது. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் புதுசா ஒரு சாக்கெட் லைன் சேர்த்தோம். அதனால இருக்குமா? (வாசகர், பவானி)

பதில்: அதனாலயா இருக்க வாய்ப்பு ஏகமா இருக்குதுங்க. ஸ்க்ரூ எங்கயாச்சும் வயரைக் குத்தியிருக்கும், இல்லாட்டி கிராமெட் போடாம தகரம் அறுத்திருக்கும். மத்த சாமானையெல்லாம் புடுங்கிட்டு, புது லைனை மட்டும் தனியாக் கழட்டி, 500 வோல்ட்டு மெக்கர் (இன்சுலேசன் நல்லா இருக்குதான்னு அளக்கற மீட்டர்) வெச்சு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல பாருங்க, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுலயும் பாருங்க, 1 மெகா ஓம் கூட இல்லைன்னா அங்கதான் வயரு காயம் பட்டிருக்குது. மெக்கர் இல்லாத வயர்மேன் டேப்பைச் சுத்திட்டு "சரியாப் போச்சுங்க"ன்னா நம்பாதீங்க.

ஆனா கசிவு ஒரு பக்கம்னா, அடிச்சதுக்கு இன்னொரு காரணமும் இருக்குது. உங்க டப்பால எர்த் வயரு ஒழுங்கா இருக்குது, செரி, அது எங்க போயி சேருது? லைட் செட்டுக்காரரு குடுத்தது ரெண்டு கம்பி வயரு. வண்டி நிக்கறது நாலு ரப்பர் டயரு மேல. அப்ப வண்டியோட பாடிக்கு மண்ணுக்குப் போற வழியே இல்ல, ஈர மண்ணுல கால் வெச்சு கைப்புடியைத் தொட்ட பையன்தான் வழியாயிட்டான்.

மண்ணுக்குள்ள ஒரு எர்த் கம்பி அடிச்சுட்டா போதுமான்னா, அதுமட்டும் போதாது. எர்த் கம்பி அடிச்சா, அதுவும் நம்ம செம்மண்ணு வறண்டு கெடக்கறப்ப, 100 ஓம் ரெசிஸ்டன்ஸ் சாதாரணமா வரும். பேஸ் பாடியைத் தொட்டுதுன்னா 230ஐ 100ஆல வகுத்தா 2.3 ஆம்ப்ஸ்தான் மண்ணுக்குள்ள போகும், 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி, விழவே விழாது, வண்டி முச்சூடும் கரண்ட்டு நின்னுட்டு இருக்கும். அதே எடத்துல 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. இருந்தா உடனே கட்டாயிரும், 100 ஓம் கம்பியே அதுக்குத் தாராளம். ஆக ஆர்.சி.சி.பி.யும் வேணும், கம்பியும் வேணும், ஒண்ணு இருந்தா இன்னொண்ணு எதுக்குன்னு பேசறதுக்கு எடமில்லீங்க. உங்க கடுதாசில ஆர்.சி.சி.பி. பத்தி ஒரு வார்த்தை இல்ல, அதுதான் எனக்கு பயமா இருக்குது. அதுல டெஸ்டுன்னு ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒருக்கா அமுக்கிப் பாக்கோணும், ஆனா பட்டன் அமுக்குனா விழுதுங்கறதால எர்த்து நல்லா இருக்குதுன்னு அர்த்தம் இல்ல, எர்த்தே இல்லாட்டியும் அந்தப் பட்டனுக்கு விழும்.

சின்ன ஜெனரேட்டர்ல நியூட்ரலை எர்த் பண்ணாமயே விட்டிருப்பாங்க, அப்ப ஆர்.சி.சி.பி.கூட எதிர்பாத்தபடி வேலை செய்யாது. கேட்டுட்டு மாட்டுங்க. சிலரு இதுக்கு வைத்தியமா வண்டியோட டி.பி. பாக்ஸ்லயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரு போட்டு இணைச்சுருவாங்க. அது மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கயோ ஒரு கல்யாண மண்டபத்து சாக்கெட்டுல பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தா, பிளக்கை மாட்டுன நிமிசமே உங்க வண்டித் தகரம் பூரா 230 வோல்ட்டு. அந்த ரெண்டையும் சேக்கற வேலை கரண்ட்டு கெளம்பற எடத்துல இருக்கோணும், வண்டிக்குள்ள இல்ல. மெயினை டபுள் போலா வெக்கச் சொல்றதும் இந்த மாறாட்டத்துக்குத்தான்.

அப்பறம் உங்க கடுதாசி கடைசில ஒரு வரி, "தோட்டத்து மோட்டார் ரூம்லயும் சில நாள் மாட்டியிருக்கோம்"ன்னு. அது வெவசாயத்துக்குன்னு குடுத்த இலவசக் கரண்ட்டு, தண்ணி எறைக்க மட்டுந்தான். போதாததுக்கு அங்க மூணு பேஸ் ஓடுது, நியூட்ரல்னு நெனச்சு இன்னொரு பேஸ்ல கை வெச்சுட்டா வண்டிக்குள்ள 400 வோல்ட்டு, ஏ.சி.ல இருந்து செல்போன் சார்ஜர் வரைக்கும் ஒரே புகை.

கேள்வி: நமக்கு ஊரு கோபிங்க. இப்ப அமெரிக்கால பையன் ஊட்ல ஆறு மாசம். அவன் பழைய டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போற ஊடு) ஒண்ணு வாங்கியிருக்கறான், 30 ஆம்ப்ஸ் வண்டிங்கறான். பேனல்ல ஒரு எடம் காலியா இருக்குது, அதுல 20 ஆம்ப்ஸ் பிரேக்கர் போட்டு 1500 வாட்ஸ் ரூம் ஹீட்டருக்கு லைன் இழுக்கறேன்னு நிக்கறான். நானும் நம்மூர்ல நாப்பது வருசம் வயரிங் பாத்தவன், சொன்னா "ஐயா, இங்க எல்லாம் வேறைங்க"ங்கறான். வேறயா?

பதில்: பாதி வேற, பாதி அதேதானுங்க. நீங்களும் செரி, தம்பியும் செரி.

அங்க 120 வோல்ட்டு. 30 ஆம்ப்ஸை அதால பெருக்குனா 3600 வாட்ஸ். பேரைக் கேட்டா 30 ஆம்ப்ஸ் பெருசாத் தெரியும், ஆனா நம்ம பெருந்துறைக்காரரு 16 ஆம்ப்ஸ் பிளக்குல வர்ற 3680க்கு அது ஒரு கை கம்மி. அதனால மொதக் கேள்விக்குச் சொன்ன கணக்கே தம்பிக்கும், ரூம் ஹீட்டர் 12.5 ஆம்ப்ஸ், தண்ணி ஹீட்டர் கரண்ட்டுலயும் ஓடறதா இருந்தா அது ஒரு 12, மைக்ரோவேவ் ஒரு 12, மூணும் ஒட்டுக்கா ஓடுனா 36 தாண்டிரும், மெயின் விழுந்துரும். மணிக்கணக்குல ஓடற சாமானுக்கு பிரேக்கர்ல எம்பது சதவீதந்தான் எடுத்துக்கோணும்ங்கறது அங்கத்த வழக்கம், அப்படிப் பாத்தா 30ல 24தான் கையில. குளுருக்கு ராத்திரி முச்சூடும் ஓடற ஹீட்டர் இந்தக் கணக்குல வர்றதுதான்.

அங்க நேஷனல் எலக்ட்ரிக்கல் கோடுன்னு ஒண்ணு, அதுல 551ன்னு ஒரு பகுதி இந்த வண்டிகளுக்குன்னே இருக்குது. 30 ஆம்ப்ஸ் வண்டிக்கு 15, 20 ஆம்ப்ஸ் சர்க்யூட்டு அஞ்சு வரைக்குந்தான், ஆறாவது போகோணும்னா 50 ஆம்ப்ஸ் சப்ளைக்குப் போகோணும்ங்கறது அதோட பொது விதி. அதனால தம்பியை மொதல்ல பேனல் கதவைத் திறந்து இப்ப எத்தனை ஓடுதுன்னு எண்ணச் சொல்லுங்க. நாலு இருந்தா அஞ்சாவது போடலாம். அஞ்சு இருந்தா காலி எடம் வெறும் ஓட்டைதான். 50 ஆம்ப்ஸ் வண்டின்னா அதுக்கு 120 வோல்ட்டு ரெண்டு லைன் வருது, மொத்தம் 12,000 வாட்ஸ், 30ல இருந்து பாத்தா மூணு பங்குக்கு மேல, அதெல்லாம் பிளக்கு மாத்தற அடாப்டர் வாங்கி மாட்டுனா வந்துராதுங்க.

இப்ப "எல்லாம் வேறைங்க"ங்கறதுல தம்பி சொல்றது நிசமாவே செரியான எடம் ஒண்ணு இருக்குது, அதுல நீங்கதான் உசாரா இருக்கோணும். நாப்பது வருசமா உங்க கை கறுப்பு வயருன்னா நியூட்ரல்னு பழகியிருக்கும். அங்க கறுப்புதான் பேஸ். வெள்ளை நியூட்ரல். பச்சை இல்லாட்டி மொட்டைச் செம்புக் கம்பி எர்த்து. கை பழக்கத்துல கறுப்பைப் புடிச்சுராதீங்க, நீங்க பேனல்ல கை வெக்காம பக்கத்துல நின்னு சொல்ற ஆளா இருந்தா எனக்கு நிம்மதி. 20 ஆம்ப்ஸ் பிரேக்கர்னா 12 கேஜ் வயரு, நம்ம கணக்குல 3.3 எம்எம் வரும், அங்க கேஜ் நம்பரு எறங்க எறங்க வயரு தடிக்கும். பேனல் கதவுல உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எந்த பிரேக்கர் அதுல போடலாம்னு எழுதியிருக்கும், காலி எடத்துல செரியா உக்காந்துதேன்னு வேற கம்பெனி பிரேக்கரைப் போடக்கூடாது, ஒரு எடத்துல ரெண்டு போடற மெல்லிசு பிரேக்கரும் ஸ்டிக்கர்ல இருந்தாத்தான். நியூட்ரலும் எர்த்தும் வண்டிப் பேனல்ல தனித்தனியா இருக்கோணும்ங்கறது அங்கயும் சட்டம், ஊட்டு மெயின் பேனல்ல சேத்திருக்கறதைப் பாத்துட்டு வண்டிலயும் சேக்கறது அங்கத்த ஆளுங்களே பண்ற தப்பு.

கேள்வி: திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டி. கூட வர்ற சப்போர்ட் லாரிலதான் பசங்க சமைக்கறது, தூங்கறது எல்லாம், மாசக்கணக்குல வட நாட்டுல நிக்கும். லாரி 24 வோல்ட்டு. 12 வோல்ட்டு ஃபேன் நாலு, எல்.இ.டி., செல் சார்ஜர்னு ஒரு பேட்டரில இருந்து மட்டும் லைன் எடுத்து, ஊட்டு எம்.சி.பி. ஒண்ணு வெச்சு ஓட்டறோம். நாலஞ்சு மாசத்துக்கு ஒருக்கா ஒரு பேட்டரி செத்துப் போகுது, இன்னொண்ணு நல்லாத்தான் இருக்குது. பேட்டரி கம்பெனியை மாத்தியும் பாத்தாச்சு.

பதில்: பேட்டரி மேல தப்பில்லீங்க, பாவம். ரெண்டு எருதுல ஒண்ணுக்கு மட்டும் பாரம் வெச்சுட்டு ரெண்டுக்கும் ஒரே அளவு தீனி போடறாப்புல ஆயிருச்சு. ஆல்டர்னேட்டர் ரெண்டையும் சேர்த்து 28 வோல்ட்டு குடுக்குது, நீங்க ஒண்ணுல இருந்து மட்டும் ராத்திரி பூரா ஃபேன் ஓட்டறீங்க. காத்தால வண்டி எடுத்ததும் காலியான பேட்டரி பாதி வயித்துல நிக்கும், நெறைஞ்சு இருக்கற பேட்டரிக்கு மேலும் மேலும் ஏத்தி தண்ணி வத்தும். ஒண்ணு பசியில சாகும், இன்னொண்ணு எச்சாத் தின்னு சாகும். 24ல இருந்து 12க்கு மாத்தற டி.சி. கன்வெர்ட்டர் கடையில கெடைக்குது, ரெண்டு பேட்டரியோட ரெண்டு கடைசி முனைல இருந்து எடுத்து அது வழியாக் குடுங்க. அடுத்து வாங்கற ஃபேனை 24 வோல்ட்டாவே வாங்கிட்டா இன்னும் நல்லது.

அந்த ஊட்டு எம்.சி.பி.யைக் கழட்டிப் போடுங்க மொதல்ல. ஊட்டுக் கரண்ட்டு செகண்டுக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுட்டு வரும், எம்.சி.பி. திறக்கறப்ப உள்ள வர்ற பொறி அந்தப் பூஜ்யத்துல அணைஞ்சுரும். பேட்டரி கரண்ட்டுக்குப் பூஜ்யமே கெடையாது, பொறி நின்னு எரியும். பிளேடு ஃபியூஸ் போதும், இல்லாட்டி டி.சி.க்குன்னே வர்ற எம்.சி.பி., அதுல பிளஸ் மைனஸ் குறிச்சிருக்கும், மாத்திப் போடக்கூடாது. ஃபியூஸை ஃபேன் பக்கத்துல வெக்காதீங்க, பேட்டரி பக்கத்துல வைங்க, நடுவுல வயரு அறுந்து சேசிஸைத் தொட்டா அப்பத்தான் காப்பாத்தும்.

ஃபேன் மெதுவாச் சுத்துதுன்னும் எழுதியிருக்கறீங்க. பேட்டரில இருந்து அஞ்சு மீட்டர் தள்ளி இருந்தா போக வர பத்து மீட்டர் வயரு, 1.5 எம்எம்ல 10 ஆம்ப்ஸ் போனா 1.2 வோல்ட்டு வழியிலயே தொலைஞ்சுரும். 230ல 1.2 போனா யாருக்குந் தெரியாது, 12ல பத்துல ஒரு பங்கு. 6 எம்எம் போட்டீங்கன்னா 0.3தான் போகும்.

கேள்வி: கரூருங்க. வண்டில ஏ.சி. லைன் காத்தாலயும் பொழுதோடயும் நல்லா ஓடுது, மத்தியானம் ரெண்டு மணிக்கு எம்.சி.பி. விழுந்துருது. 16ஐ எடுத்துட்டு 25 போட்டுரலாமா?

பதில்: உள்ள இருக்கற வயரு 2.5 எம்எம்னா போடாதீங்க, காரணம் மேலயே எழுதியாச்சு. எம்.சி.பி. அளவு குறிக்கறது 30 டிகிரி வெக்கைல. சித்திரை வைகாசில கரூர்ல வெளியவே 40க்கு மேல, வெயில் விழுற பக்கம் தகரத்துல ஒட்டி மூடுன டப்பாக்குள்ள என்ன இருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க, அந்தச் சூட்டுல 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. அதுக்கு முன்னாடியே விழுந்துரும். டப்பாவை நெழல் பக்கம் மாத்துங்க, ரெண்டு எம்.சி.பி.க்கு நடுவுல டம்மி ஒண்ணு விட்டு மாட்டுங்க, காலி எடம் அதுக்காச்சும் ஆகட்டும்.

அதுக்கும் முன்னாடி ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எல்லா ஸ்க்ரூவையும் ஒரு சுத்து பாத்துருங்க. நான் செஞ்ச வண்டி ஒண்ணு, எல்லாம் டைட்டு பண்ணிக் குடுத்தேன்னு மார் தட்டிட்டு இருந்தேன், சத்தியமங்கலத்துல இருந்து திம்பம் ஏறி மைசூர் போயி அதே 27 கொண்டை ஊசி வளைவுல எறங்கி வந்துது. வந்தவரு "லைட்டு கண்ணடிக்குதுங்க"ன்னாரு. டப்பாவைத் திறந்தா நியூட்ரல் லிங்க்குல ஏ.சி. வயரு மாட்டுன ஸ்க்ரூ கையாலயே சுத்துது, பக்கத்துப் பிளாஸ்டிக்கு வெல்லப்பாகாட்ட உருகி வழிஞ்சு காஞ்சிருக்குது, வயரு இன்சுலேசன் ரெண்டு இன்ச்சுக்குக் கறுத்துப் போயிருச்சு. லக்கு போடாம முறுக்கி விட்ட ஒரே வயரு அதுதான், அன்னைக்கு லக்கு தீந்து போச்சு, கடைக்குப் போக சோம்பேறித்தனம். எம்.சி.பி. விழவே இல்ல, ஏன் விழும், கரண்ட்டு எச்சாப் போகலையே, ஸ்க்ரூ லூசா இருந்து சூடானதுதானே. அதுக்கப்பறம் மொத ஆயிரம் கிலோமீட்டர்ல ஒருக்கா கொண்டாந்து காட்டச் சொல்றேன், அதுக்குக் காசு வாங்கறதில்ல.

கேள்வி: எங்க வண்டில டில்ட்டிங் கிரைண்டர் வெக்க ஒரு லைன் போட்டோம். பிளக்குல மாட்டுனா ஓடுது, இன்வெர்ட்டர்ல போட்டா "ஊம்"ங்குது, கல்லு சுத்த மாட்டேங்குது. (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: லைன்ல கோளாறில்லீங்க அம்மிணி, இன்வெர்ட்டரு சதுர அலை வகையா இருக்கும், கிரைண்டர் மோட்டாருக்கு அது ஒத்துக்காது. சைன் வேவ் இன்வெர்ட்டரா மாத்துங்க, கிரைண்டர் 200 வாட்ஸ்தானேன்னு 300 வாங்கிராதீங்க, கெளம்பறப்ப பல மடங்கு இழுக்கும், 1000க்குக் கொறையாம வாங்குங்க. அதுவரைக்கும் அரிசி ஊறப் போட்டு அரைக்கறதுக்கு, கையால கல்லைச் சுத்தி விட்டுட்டு சுவிச்சு போடற வேலையெல்லாம் வேண்டாம், காயில் கருகிரும். மாவை ஊட்லயே அரைச்சு எடுத்துட்டுப் போங்க, தூக்குப் போசில பாதிக்கு மேல ஊத்தாதீங்க, உடுமலை தாண்டறதுக்குள்ள பொங்கி டி.பி. பாக்ஸ் மேலயே வழிஞ்சதா போன வருசம் ஒருத்தரு வண்டியைக் கொண்டாந்தாரு.